ஆபத்து மிகுந்த மாரடைப்பு நோயாளிகளுக்கு மணிக்கட்டு வழி ஆஞ்சியோபிளாஸ்டி: அதிகம் தேவைப்படுவோருக்கே குறைவாகக் கிடைப்பது ஏன்?

மாரடைப்புடன் வரும் நோயாளியின் அடைபட்ட இதயத் தமனியை உடனடியாகத் திறந்து ஸ்டென்ட் பொருத்துவதே அவசர ஆஞ்சியோபிளாஸ்டி. இதயத்தில் நடக்கும் வேலை எல்லா நோயாளிகளுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால், அந்த இதயத்தைச் சென்றடைய மருத்துவர் முதல் ஊசியைத் தொடை இடுக்கில் செலுத்துகிறாரா, மணிக்கட்டில் செலுத்துகிறாரா என்பது நோயாளி பிழைப்பதையே பாதிக்கக்கூடும் என்பதைக் கடந்த 15 ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் உணர்த்தியுள்ளன.

இதில் ஒரு முரண் உள்ளது. முதியோர், பெண்கள், உடல் எடை குறைந்தோர், சிறுநீரகச் செயல்பாடு குன்றியோர், ரத்த சோகை உள்ளோர், ஏற்கெனவே ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து பெற்றோர் ஆகியோருக்குச் சிகிச்சையின்போது ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஆகவே, ரத்தக்கசிவைக் குறைக்கும் மணிக்கட்டு வழியால் அதிகம் பயனடையக்கூடியவர்களும் இவர்களே. நடைமுறையிலோ, நோயாளியின் நிலை மோசமாக இருந்தால் மருத்துவர்கள் தமக்கு நெடுநாள் பழகிய தொடை வழியை நாடும் போக்கு பல நாடுகளில் காணப்பட்டது. அமெரிக்காவில் 2007 முதல் 2012 வரை நடந்த 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆஞ்சியோபிளாஸ்டிகளின் தேசியப் பதிவேட்டை ஆராய்ந்தபோது, மணிக்கட்டு வழியின் பங்கு 1.2 சதவீதத்தில் இருந்து 16.1 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஆனால் 75 வயதைக் கடந்தோர், பெண்கள், மாரடைப்புடன் வந்தோர் ஆகிய பிரிவினருக்கு அது குறைவாகவே பயன்படுத்தப்பட்டிருந்தது.

தொடையில் என்ன சிக்கல்?

தொடைத் தமனி பெரியது. எளிதில் கைக்குத் தட்டுப்படுவது. எந்த அளவுக் குழாயையும் ஏற்கக்கூடியது. ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் நோயாளியிடம்கூட ஓரிரு நிமிடங்களில் அதைத் துளைத்துவிட முடியும். பல தலைமுறை இதய மருத்துவர்கள் இதில்தான் பயிற்சி பெற்றனர்.

ஆனால் அது ஆழமாக அமைந்துள்ளது. பக்கத்திலேயே பெரிய சிரையும் நரம்பும் செல்கின்றன. ஊசி சற்று மேலே பட்டுவிட்டால், கசியும் ரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றின் பின்புறத்தில் தேங்கும். நோயாளிக்கு முதுகுவலி ஏற்படலாம், நாடித்துடிப்பு கூடலாம், ரத்த அழுத்தம் குறையலாம். மாரடைப்பு நோயாளியிடம் இந்த அறிகுறிகளை இதயத்தின் பலவீனமாகவே எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் சேர்ந்த பின்னரே காரணம் புலப்படுவதும் உண்டு. இதைத் தவிர, துளைத்த இடத்தில் பெரிய ரத்தக்கட்டு, தமனிச் சுவரில் போலி வீக்கம், தமனிக்கும் சிரைக்கும் இடையே தவறான இணைப்பு ஆகியவையும் நேரக்கூடும்.

மணிக்கட்டில் உள்ள ரேடியல் தமனியோ தோலுக்குச் சற்றுக் கீழே, எலும்பின்மீது படிந்தாற்போல் ஓடுகிறது. நாடி பார்க்க மருத்துவர் விரல் வைக்கும் அதே இடம் இது. கசிவு ஏற்பட்டால் உடனே கண்ணில் படும். விரலால் எலும்போடு சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். அருகில் பெரிய நரம்போ சிரையோ இல்லை. மேலும், கைக்கு ரேடியல், அல்னார் என இரண்டு தமனிகள் ரத்தம் தருகின்றன. உள்ளங்கையில் அவை வளைவுகளாக இணைகின்றன. ஒன்று அடைபட்டாலும் பெரும்பாலானோருக்கு மற்றொன்று கையைக் காப்பாற்றிவிடும்.

ரத்தக்கசிவு உயிரைப் பறிப்பது எப்படி?

மாரடைப்பு நோயாளிக்கு ஆஸ்பிரின், அதனுடன் கிளோபிடோக்ரெல், டைகாக்ரெலார், பிராசுக்ரெல் ஆகியவற்றுள் ஒன்று, சிகிச்சையின்போது ஹெபாரின் என ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் ஒரே நேரத்தில் பல தரப்படுகின்றன. ஸ்டென்ட்டில் மீண்டும் ரத்தம் உறையாதிருக்க இவை கட்டாயம் தேவை. ஆனால் அதே மருந்துகள், தமனியில் இடப்பட்ட ஒவ்வொரு துளையையும் கசிவுக்கான வாயிலாக்குகின்றன.

கசிவு பெரிதானால் விளைவுகள் ஒன்றையொன்று தொடரும். ரத்த அழுத்தம் குறைந்து, ஏற்கெனவே காயமுற்ற இதயத் தசைக்கு ஆக்சிஜன் மேலும் குறைகிறது. சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. கசிவை நிறுத்துவதற்காக ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளை நிறுத்தினால், புதிதாகப் பொருத்திய ஸ்டென்ட் அடைபட்டு இரண்டாவது மாரடைப்பு வரக்கூடும். இளைஞர் ஒருவர் தாங்கிக்கொள்ளும் அரை லிட்டர் ரத்த இழப்பை, 45 கிலோ எடையுள்ள, சிறுநீரகம் பழுதுபட்ட, 78 வயது மூதாட்டியால் தாங்க இயலாது. 'ஆபத்து மிகுந்த நோயாளி' என்பதற்கு இந்த இடத்தில் பொருள் இதுதான். இதயம் பலவீனமானவர் என்பது மட்டுமன்று, இழப்பதற்கு உபரியாக எதுவும் இல்லாதவர் என்பதும் அதில் அடங்கும்.

கையில் தொடங்கி, தொடைக்குச் சென்று, மீண்டும் கைக்கு

இதயத் தமனிகளைப் படமெடுக்கும் முறை கையில்தான் தொடங்கியது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மருத்துவர் மேசன் சோன்ஸ் 1958-இல், முழங்கை மடிப்பருகே தமனியைக் கீறித் திறந்து குழாயைச் செலுத்தி வந்தார். ஒரு பரிசோதனையின்போது குழாயின் முனை தற்செயலாக வலது இதயத் தமனிக்குள் நுழைந்து, மருந்து அங்கேயே பாய்ந்துவிட, இதயத் தமனிகளைத் தனித்தனியே படமெடுக்க முடியும் என்பது தெரியவந்தது. 1967-இல் மெல்வின் ஜட்கின்ஸ், தொடை வழியே செலுத்தினால் தாமாகவே இதயத் தமனியின் வாயைச் சென்றடையும் வகையில் வளைக்கப்பட்ட குழாய்களை அறிமுகப்படுத்தினார். கீறல் இல்லை, தையல் இல்லை, கற்பதும் எளிது. அதன்பின் தொடை வழியே உலக வழக்கமானது. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் செய்த முதல் இதயத் தமனி ஆஞ்சியோபிளாஸ்டியும் தொடை வழியாகவே நடந்தது.

கனடாவின் மான்ட்ரியல் இதய நிறுவனத்தைச் சேர்ந்த லூசியன் காம்போ, மணிக்கட்டுத் தமனியை ஊசியால் துளைத்து 100 நோயாளிகளுக்கு ஆஞ்சியோகிராம் செய்த அனுபவத்தை 1989-இல் வெளியிட்டார். 1992-இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினண்ட் கீமனெய் அதே வழியில் ஆஞ்சியோபிளாஸ்டியும் ஸ்டென்ட் பொருத்துதலும் செய்யத் தொடங்கினார். அக்காலத்தில் ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கு மிகக் கடுமையான உறைவுத் தடுப்பு மருந்துகள் தரப்பட்டதால் தொடையில் ரத்தக்கசிவு சாதாரணமாக இருந்தது. மணிக்கட்டைத் தேடிச் செல்ல வைத்ததே அந்தக் கசிவுதான்.

இந்தியாவில் இம்முறையைப் பரப்பியவர்களுள் அகமதாபாத்தைச் சேர்ந்த இதய மருத்துவர் தேஜஸ் படேல் குறிப்பிடத்தக்கவர். வளைந்து நெளிந்த கைத் தமனியில் குழாய் சிக்கிக்கொள்ளும்போது, அதன் முனையில் சிறு பலூனைப் பாதியளவு வெளியே நீட்டி விரித்து, தமனிச் சுவரை உரசாமல் வழுக்கிச் செல்ல வைக்கும் உத்தியை அவரது குழுவினர் விளக்கி வெளியிட்டனர். மணிக்கட்டில் தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் கைவிட்டுத் தொடைக்கு மாற வேண்டிய தேவையை இத்தகைய உத்திகள் வெகுவாகக் குறைத்துள்ளன.

ஆய்வுகள் சொல்வது

மணிக்கட்டு வழி நோயாளிக்கு வசதியானது என்பதில் தொடக்கத்திலிருந்தே ஐயமில்லை. சிகிச்சை முடிந்ததும் எழுந்து உட்காரலாம். மணிக்கணக்கில் காலை அசைக்காமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டியதில்லை. அது உயிரையும் காக்குமா என்பதே விவாதமாக இருந்தது.

2011-இல் வெளியான ரைவல் ஆய்வில் 32 நாடுகளைச் சேர்ந்த 7,021 நோயாளிகள் இடம்பெற்றனர். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், பெரும் ரத்தக்கசிவு ஆகியவற்றை ஒன்றாகக் கணக்கிட்டபோது மணிக்கட்டுப் பிரிவில் 3.7 சதவீதம், தொடைப் பிரிவில் 4.0 சதவீதம், குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. துளைத்த இடத்துச் சிக்கல்கள் மட்டும் தெளிவாகக் குறைந்தன. ஆனால் அந்த ஆய்வின் உள்ளே ஒரு செய்தி இருந்தது. இசிஜியில் எஸ்.டி. பகுதி உயர்ந்து காணப்படும், ஸ்டெமி எனப்படும் முழு அடைப்பு மாரடைப்பு நோயாளிகளை மட்டும் தனியே பார்த்தபோது, 30 நாள் மரண விகிதம் மணிக்கட்டுப் பிரிவில் 1.3 சதவீதமாகவும் தொடைப் பிரிவில் 3.2 சதவீதமாகவும் இருந்தது. துணைப் பிரிவுகளில் கிடைக்கும் முடிவுகள் தற்செயலாகவும் அமையலாம் என்பதால் இது ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

மறு ஆண்டே இத்தாலியில் ஸ்டெமி நோயாளிகள் 1,001 பேரிடம் நடத்தப்பட்ட ரைஃபிள்-ஸ்டீக்ஸ் ஆய்வு வெளியானது. இதய நோயால் ஏற்பட்ட மரணம் மணிக்கட்டுப் பிரிவில் 5.2 சதவீதம், தொடைப் பிரிவில் 9.2 சதவீதம். ரத்தக்கசிவு முறையே 7.8, 12.2 சதவீதம். ரைவல் ஆய்வைவிட இங்கு மரண விகிதம் இரு பிரிவுகளிலுமே உயர்வாக இருந்ததைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைகளுக்கு அன்றாடம் வரும் கடுமையான நோயாளிகளை ஓரளவு பிரதிபலித்த ஆய்வு இது. 2015-இல் 8,404 பேரைக் கொண்ட மேட்ரிக்ஸ் ஆய்வு, மரணம் 2.2 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகவும், பெரும் ரத்தக்கசிவு 2.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகவும் குறைந்ததைக் காட்டியது. அதே ஆய்வின் ஒரு பகுதி, திடீர் சிறுநீரகப் பாதிப்பும் 17.4 சதவீதத்திலிருந்து 15.4 சதவீதமாகக் குறைந்ததைப் பதிவு செய்தது. ரத்தக்கசிவு குறைவதும், குழாய் வயிற்றுப் பெருந்தமனியில் சிறுநீரகத் தமனிகளைக் கடந்து செல்லாமல் கையிலிருந்தே இதயத்தை அடைவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

எதிர்முடிவும் உண்டு. 2020-இல் வெளியான கனடாவின் சஃபாரி-ஸ்டெமி ஆய்வில், 2,292 பேரில் 30 நாள் மரணம் மணிக்கட்டுப் பிரிவில் 1.5 சதவீதமாகவும் தொடைப் பிரிவில் 1.3 சதவீதமாகவும் இருந்தது. ரத்தக்கசிவிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. தொடை வழியில் தேர்ந்த கைகள், கசிவு குறைந்த மருந்து, துளையை அடைக்கும் கருவிகள் ஆகியவை இருந்தால் தொடையும் பாதுகாப்பானதே என்பதை இது உணர்த்தியது. எனினும் அந்த ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து பெற்றவர்கள், உறைவுத் தடுப்பு மாத்திரை உட்கொள்பவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள் ஆகியோர் அதில் சேர்க்கப்படவில்லை. அதாவது, கசிவு ஆபத்து மிக அதிகமுள்ள சிலரை விட்டுவிட்டு எட்டப்பட்ட சமநிலை அது.

7 ஆய்வுகளைச் சேர்ந்த 21,600 நோயாளிகளின் தனித்தனித் தரவுகளை ஒருங்கே திரட்டி 2022-இல் வெளியிடப்பட்ட பகுப்பாய்வு, இந்த விவாதத்தைப் பெருமளவு தீர்த்துவைத்தது. 30 நாள் மரணம் மணிக்கட்டு வழியில் 1.6 சதவீதம், தொடை வழியில் 2.1 சதவீதம், பெரும் ரத்தக்கசிவு 1.5 சதவீதம், 2.7 சதவீதம். உயிர்காக்கும் பயன் மிகத் தெளிவாகத் தெரிந்தது, ஏற்கெனவே கணிசமான ரத்த சோகை உள்ளவர்களிடம்தான். 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்த சோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று கண்டறிந்த இந்தியாவில், இந்த முடிவு தனிக்கவனத்துக்குரியது. மாரடைப்பு அதிகம் வரும் வயது அதற்குப் பிந்தையது என்றாலும், அந்தக் குறைபாடு 50 வயதில் தானாக நீங்கிவிடுவதில்லை.

ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், அமெரிக்க அமைப்புகளின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் மாரடைப்பு நோயாளிகளுக்கு மணிக்கட்டு வழியை முதல் நிலைப் பரிந்துரையாக ஏற்றுள்ளன. ஐரோப்பிய வழிகாட்டுதல் ஒரு நிபந்தனையையும் சேர்த்தது: செய்பவர் அதில் அனுபவம் பெற்றவராக இருக்க வேண்டும்.

கட்டி கரைக்கும் மருந்துக்குப் பின்

இந்தியச் சூழலில் இந்த விவாதம் வேறொரு கோணத்தையும் பெறுகிறது. 50 நகரங்களின் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைப் பதிவு செய்து 2008-இல் வெளியான கிரியேட் பதிவேட்டின்படி, அவர்களில் 60.6 சதவீதத்தினருக்கு ஸ்டெமி வகை மாரடைப்பு இருந்தது. அவர்கள் மருத்துவமனையை அடைய ஆன இடைநிலை நேரம் 300 நிமிடங்கள். 58.5 சதவீதத்தினர் கட்டி கரைக்கும் மருந்து பெற்றனர். ஆஞ்சியோபிளாஸ்டி கிடைத்தது 8 சதவீதத்தினருக்கு மட்டுமே. அதன்பின் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. ஆனால் கேத்லேப் உள்ள நகரத்திலிருந்து தொலைவில் வாழ்வோருக்கு, அருகிலுள்ள மருத்துவமனையில் முதலில் மருந்து, பின்னர் பெரிய மையத்துக்கு மாற்றி ஆஞ்சியோகிராம் என்ற இரு கட்டச் சிகிச்சையே இன்றும் நடைமுறைக்கு உகந்ததாக உள்ளது.

தமிழ்நாட்டில் இம்முறையை ஒழுங்குபடுத்தி, சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களுடன் இணைத்துச் செயல்படுத்திய திட்டத்தின் முடிவுகள் 2017-இல் வெளியாயின. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வில், ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டோர் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாகவும், ஆஞ்சியோபிளாஸ்டி பெற்றோர் 29.8 சதவீதத்திலிருந்து 46.8 சதவீதமாகவும் உயர்ந்தனர். ஓராண்டு மரண விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது.

இத்தகைய நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருந்து பலனளிக்காது. நெஞ்சுவலி தொடரும், இசிஜி மாறாது. அவர்களை உடனே கேத்லேபுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 2013-இல் வெளியான ஸ்ட்ரீம் என்ற பன்னாட்டு ஆய்வில், மருந்து பெற்றவர்களில் சுமார் 36 சதவீதத்தினருக்கு இப்படி அவசரத் தலையீடு தேவைப்பட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து உடலில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும் நிலையில், அதனுடன் ஹெபாரினும் இரண்டு வகை மாத்திரைகளும் சேர்ந்திருக்க, தொடைத் தமனியைத் துளைப்பது மிகுந்த ஆபத்துக்குரியது. மணிக்கட்டு வழிக்கு இதைவிட வலுவான காரணம் வேறு தேவையில்லை.

இங்கு ஒரு சிறு செய்தி. மாவட்ட மருத்துவமனையிலோ ஆம்புலன்ஸிலோ மருந்து ஏற்ற ஊசி போடும்போது வலது மணிக்கட்டைத் தவிர்த்து, இடது முன்கையிலோ முழங்கை மடிப்பிலோ போடுவது நல்லது. வலது மணிக்கட்டே பெரும்பாலும் ஆஞ்சியோபிளாஸ்டிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அங்கே ஏற்கெனவே ஊசியும் பிளாஸ்திரியும் இருந்தால் கேத்லேபில் நிமிடங்கள் வீணாகும். நோயாளியை அனுப்பும் இடத்திலேயே கடைப்பிடிக்கக்கூடிய, செலவே இல்லாத நடைமுறை இது.

எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. ரேடியல் தமனியின் விட்டம் பொதுவாக 2 முதல் 3 மில்லிமீட்டர். வழக்கமாகப் பயன்படும் 6 ஃபிரெஞ்ச் அளவு உறைக்குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர். சிறிய உடலமைப்பு கொண்டவர்களிடமும் பெண்களிடமும் தமனி இதைவிடக் குறுகியதாக இருக்கலாம். மேலும், ரேடியல் தமனி எளிதில் இறுகிச் சுருங்கும் இயல்புடையது. பதற்றம், வலி, பலமுறை குத்துதல் ஆகியவை அந்த இறுக்கத்தைத் தூண்டும். நைட்ரோகிளிசரின், வெராபமில் போன்ற மருந்துகளைத் தமனிக்குள்ளேயே செலுத்தி இதைத் தணிக்கின்றனர். ஆனால் ரத்த அழுத்தம் ஏற்கெனவே குறைந்திருப்பவருக்கு இம்மருந்துகளைத் தர இயலாது.

முதியவர்களிடம் வேறொரு தடை. தோள்பட்டையிலிருந்து பெருந்தமனிக்கு இறங்கும் பாதை வயதாக ஆக வளைந்து நெளிந்துவிடுகிறது. குழாயைத் திருப்பினால் முனை திரும்புவதில்லை. வலது கையில் இப்படியிருந்தால் இடது கை சில சமயம் எளிதாக அமையும். பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, மார்பின் இடப்புறத் தமனியைக் கொண்டு அமைத்த ஒட்டுக்குழாயைப் பார்க்க இடது மணிக்கட்டே உகந்தது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அல்லது விரைவில் அதற்குத் தயாராக வேண்டியவர்கள் நிலை இன்னும் சிக்கலானது. ரத்தக்கசிவு ஆபத்து மிகுந்தவர்களும் அவர்களே. டயாலிசிஸ் இணைப்புக்காகக் கைத் தமனியைப் பாதுகாக்க வேண்டியவர்களும் அவர்களே. அங்கு எந்த வழி என்பதை நோயாளியின் நிலையை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

மிகக் கடினமான பிரிவு, மாரடைப்பால் இதயம் ரத்தத்தைத் தள்ள இயலாமல் அதிர்ச்சி நிலைக்குச் சென்றவர்கள். மணிக்கட்டில் நாடியே தட்டுப்படாது. இதயத்துக்கு உதவும் பலூன் பம்ப் போன்ற கருவிகளைத் தொடை வழியாகத்தான் செலுத்த வேண்டியிருக்கும். இவர்களிலும் மணிக்கட்டு வழியில் சிகிச்சை பெற்றோர் அதிகம் பிழைத்ததாகப் பதிவேடுகள் காட்டுகின்றன. ஆனால் அந்தப் புள்ளிவிவரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. நாடி தட்டுப்படும் அளவுக்கு ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கே மணிக்கட்டு வழி கையாளப்பட்டிருக்கும். அவர்கள் முதலிலிருந்தே சற்று மேம்பட்ட நிலையில் இருந்தவர்கள். நடைமுறையில் அனுபவமிக்க குழுக்கள் அல்ட்ராசவுண்ட் துணையுடன் ரேடியல் தமனியைத் துளைத்து ஸ்டென்ட் பொருத்துகின்றன. தொடையை உதவிக் கருவிக்காக மட்டும் விட்டுவைக்கின்றன. தொடையைத்தான் துளைக்க வேண்டும் என்றாலும், அங்கும் அல்ட்ராசவுண்டும் மெல்லிய ஊசியும் உதவும்.

கைப்பழக்கமே தீர்மானிக்கிறது

ரைவல் ஆய்வில் மணிக்கட்டில் தொடங்கி வேறு வழிக்கு மாற வேண்டியிருந்தோர் 7.6 சதவீதம், தொடையில் தொடங்கி மாறியோர் 2 சதவீதம். அவசர நிலையில் ஒவ்வொரு மாற்றமும் நேர இழப்பு. அதே சமயம், பழகியவர்களிடம் தாமதம் என்ற அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. ரைவலில் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு ஆன நேரம் மணிக்கட்டு வழியில் 35 நிமிடங்கள், தொடை வழியில் 34 நிமிடங்கள். மேட்ரிக்ஸ் ஆய்விலும், பெரும்பான்மைச் சிகிச்சைகளை மணிக்கட்டு வழியே செய்துவந்த மையங்களில்தான் பயன் தெளிவாகத் தெரிந்தது.

இதனால்தான் அமெரிக்க ஆஞ்சியோகிராபி மருத்துவர்கள் சங்கம் 2014-இல் ஓர் அளவுகோலை முன்வைத்தது. அவசரமில்லாத நோயாளிகளில் குறைந்தது 100 ஆஞ்சியோபிளாஸ்டிகளை மணிக்கட்டு வழியே செய்து, தொடைக்கு மாறும் விகிதம் 4 சதவீதத்துக்கு மேல் போகாத நிலையை எட்டிய பின்னரே, மாரடைப்பு நோயாளிகளுக்கு மணிக்கட்டு வழியைத் தொடங்க வேண்டும் என்பது அந்தப் பரிந்துரை. எளிய நோயாளிகளுக்குத் தொடை, கடினமானவர்களுக்கு மணிக்கட்டு என்று பிரித்துக்கொள்ள முடியாது என்பதே இதன் உட்பொருள். நள்ளிரவு 2 மணிக்கு, நிலைகுலைந்த முதியவரின் மெல்லிய தமனியில் கைகொடுப்பது, பகலில் நூறு பேரிடம் பெற்ற பழக்கம் மட்டுமே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றையும் மணிக்கட்டு வழியே செய்யும் மையங்களில் பயிலும் இளம் மருத்துவர்களுக்குத் தொடை வழியில் பழக்கம் குறைகிறது. தவிர்க்க முடியாமல் தொடைக்குச் செல்ல நேரும்போது, அதுவும் மிகக் கடுமையான நோயாளியிடம், சிக்கல்கள் முன்பைவிட அதிகரிக்கலாம். மணிக்கட்டு முறையின் முன்னோடியான காம்போவின் பெயராலேயே இந்த முரண் ஆய்விதழ்களில் குறிப்பிடப்படுகிறது. இரு வழிகளிலும் பயிற்சியைத் தக்கவைப்பதே பயிற்சி மையங்கள் எதிர்கொள்ளும் சவால்.

நோயாளியும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

அவசர வேளையில் எந்த வழி என்று நோயாளி தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பதில்லை. முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவரே. வழி குறித்த விவாதத்துக்காக ஒரு நிமிடமும் தாமதிக்கத் தேவையில்லை. குடும்பத்தினர் தரக்கூடிய பெரிய உதவி, தகவல். முன்பு பைபாஸ் செய்தாரா, எந்தக் கையில் டயாலிசிஸ் இணைப்பு உள்ளது, வார்ஃபரின் போன்ற மாத்திரை உட்கொள்கிறாரா, வேறு மருத்துவமனையில் கட்டி கரைக்கும் மருந்து தரப்பட்டதா, தரப்பட்டிருந்தால் எத்தனை மணிக்கு, அண்மையில் மலத்திலோ வாந்தியிலோ ரத்தம் போனதா என்பவை மருத்துவர் முதல் ஊசியைப் போடும் முன் அறிந்திருக்க வேண்டியவை. முதல் மருத்துவமனை தந்த சீட்டையும் இசிஜி தாளையும் கையோடு கொண்டு செல்வது அவசியம்.

சிகிச்சை முடிந்ததும் மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை கட்டப்படும். கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் அழுத்தி, தமனியில் ரத்த ஓட்டம் தொடர விடுவதே சரியான முறை. 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி ஓட்டத்தைத் தக்கவைத்துக் கட்டியதால், ஒரு நாள் கழித்துத் தமனி அடைபட்டிருந்தோர் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், ஒரு மாதத்துக்குப் பின் 7 சதவீதத்திலிருந்து 1.8 சதவீதமாகவும் குறைந்தனர். பட்டையைச் சில மணி நேரத்தில் படிப்படியாகக் காற்றிறக்கிக் கழற்றுவார்கள். அடைபட்டாலும் பலருக்கு அறிகுறி தெரியாது. ஆனால் அந்தத் தமனியை மறுமுறை ஆஞ்சியோகிராமுக்கோ பைபாஸ் ஒட்டுக்கோ பயன்படுத்த முடியாமல் போகும்.

வீடு திரும்பிய பின் சில நாள்களுக்கு அந்தக் கையால் கனமான பொருள்களைத் தூக்குவதையும், துணி பிழிவதையும் தவிர்க்க வேண்டும். சிறிய நீலநிறத் தழும்பும் லேசான வலியும் இயல்பானவை. மணிக்கட்டில் திடீரென வீக்கம் பெரிதானாலோ ரத்தம் கசிந்தாலோ, கையை உயர்த்தி, துளைத்த இடத்தின்மீது விரலால் விடாமல் அழுத்தியபடி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முன்கை முழுவதும் இறுகி வீங்குதல், விரல்கள் மரத்துப்போதல், வெளுத்துக் குளிர்ந்து போதல் ஆகியவை அரிதானவை என்றாலும் உடனடிக் கவனிப்பு தேவைப்படுபவை. கையில் வலி குறைந்துவிட்டது என்பதற்காக ஸ்டென்ட்டுக்கான மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக்கூடாது.